காணிக்கை போட்டவர் கணக்குக் கேட்டால்...

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனையைவிட அதற்குப் பிறகு நடக்கும் ஏலத்துக்குத்தான் கூட்டம் அதிகம். கோயில் முற்றத்தில் வாழைத்தார்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். பூசணிக்காய், தேங்காய், கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல், வீட்டில் செய்த கேக், ஒரு கிண்ணம் முட்டை. ஏலம் விடுகிறவர் ஊரிலேயே வாய் உள்ள ஆளாக இருப்பார். ஒற்றை முட்டையைத் தூக்கிக் காட்டி, சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பையனைப் பெயர் சொல்லிச் சீண்டுவார். அவன் அத்தான் சும்மா இருப்பாரா, அவர் நூறு ஏற்றுவார். கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற முட்டை ஐந்நூறைத் தாண்டிப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். அதே முட்டை இன்னொரு சுற்று வரும்.

இத்தனை சத்தத்துக்கும் நடுவே ஓரமாக ஒரு மேசை கிடக்கும். அங்கே ஒருவர் தலை நிமிராமல் நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்: என்ன பொருள், யார் எடுத்தார், எத்தனை ரூபாய், ரொக்கமா பாக்கியா. சாயங்காலத்துக்குள் மொத்தத் தொகையை மைக்கில் சொல்லிவிடுவார்கள். சபையில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வருஷம் ஏலத்தில் எவ்வளவு வந்தது என்று தெரியும்.

வந்தது தெரியும். போனது? அதே சபைக்குச் சொந்தமான கடைகளின் வாடகை எவ்வளவு, கட்டட நிதியில் மிச்சம் என்ன, பள்ளிக்கூடத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டது யார், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டால் ஊர் சட்டென்று அமைதியாகிவிடுகிறது. கேட்டவர் முகத்தை நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். "பரிசுத்த ஸ்தலத்துல இதெல்லாம் எதுக்கு தம்பி" என்று ஒரு பெரியவர் தோளில் கை போடுகிறார். எல்லாச் சபைகளும் இப்படி என்று சொல்வது அநியாயம். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அச்சடித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கும் சபைகளும் இருக்கின்றன. ஆனாலும், கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்ற ஒரு நினைப்பு தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த நினைப்புக்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடினால் கிடைப்பது அரிது. அதற்கு நேர் எதிரான ஆதாரம்தான் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கிறது.

இன்று கோயில் வாசலில் நிற்கும் காணிக்கைப் பெட்டியின் பூர்வீகத்தையே எடுத்துக்கொள்ளலாம். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 12ஆம் அதிகாரத்தில் யோவாஸ் ராஜாவின் கதை வருகிறது. எருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் பணம் வசூலித்தார்கள். ராஜா பட்டத்துக்கு வந்து 23ஆம் வருஷம் ஆகியும் ஒரு விரிசலும் பூசப்படவில்லை. ராஜா கூப்பிட்டுக் கேட்டார். பிறகு யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்துக்கு அருகே வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் அதை எண்ணியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரதான ஆசாரியர், மற்றவர் ராஜாவின் சம்பிரதி, அதாவது அரசாங்கக் கணக்கர். குருவானவர் தனியாக எண்ணவில்லை என்பதுதான் அந்தக் கதையின் உயிர்.

வேலைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் அதே அதிகாரத்தில் ஒரு வரி உண்டு. சில கமிட்டிகளுக்கு அந்த ஒரு வரி மட்டும் நன்றாக மனப்பாடம்.

இயேசுவின் சீஷர்களிடமும் ஒரு பணப்பை இருந்தது. அதைச் சுமந்தவன் யூதாஸ். அவன் பையிலிருந்து எடுத்துக்கொள்கிறவன் என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். முதல் பொருளாளரே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது என்று சபைக்குள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எருசலேமில் சபை உருவானபின் வந்த முதல் உட்சண்டையும் பங்கீட்டைப் பற்றியதுதான். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற புகார் அது. அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களைக் கண்டிக்கவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரை நியமித்தார்கள்.

பவுலோ இன்னும் கறார். எருசலேமின் ஏழைகளுக்காக கிரேக்க நகரங்களில் பணம் சேர்த்தபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வீட்டில் எடுத்து வைக்கச் சொன்னார். தாம் வந்து நின்ற பிறகு வசூல் வேட்டை நடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். பணத்தைக் கொண்டுபோக யாரை அனுப்புவது என்பதைச் சபையே தீர்மானிக்கட்டும் என்றார். தீத்துவோடு கூட, சபைகள் தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் அனுப்பினார். தங்களைப் பற்றி ஒருவரும் குறை சொல்லாதபடிக்கு இந்த ஏற்பாடு என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தில் அவரே காரணமும் சொல்கிறார். கடவுளுக்கு முன்னால் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்னாலும் அப்படித் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு அப்போஸ்தலருக்கே இரண்டாவது கையெழுத்து வேண்டியிருந்தது.

கணக்கெழுதும் கலைக்கும் திருச்சபைக்கும் பழைய உறவு உண்டு. இன்றைக்கு உலகமெங்கும் வணிகவியல் மாணவர்கள் படிக்கும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494இல் வெனிஸ் நகரில் ஒரு கணித நூலை அச்சிட்டவர் லூக்கா பச்சோலி. அவர் பிரான்சிஸ்கன் துறவி. ஏழ்மை விரதம் பூண்டவர். அந்த நூலின் தலைப்பு 'சும்மா' என்று தொடங்கும். தமிழர் காதுக்கு அது கொஞ்சம் சிரிப்பு. அந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை, வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிவந்ததை ஒழுங்காக எடுத்துச் சொன்னார். எந்த நோட்டையும் கடவுள் பெயரோடு தொடங்கச் சொன்னார், முதல் நோட்டுக்குச் சிலுவைக் குறி போடச் சொன்னார். நம் ஊர்க் கடைக்காரர் புதுக் கணக்கில் பிள்ளையார் சுழி போடுவது போலத்தான். வரவு செலவு எழுதுவதைப் பச்சோலி உலகக் காரியம் என்று ஒதுக்கவில்லை.

இதை வாழ்ந்து காட்டியவர் என்று சொல்ல வேண்டுமானால் ஜார்ஜ் முல்லரைச் சொல்லலாம். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியவர். 1898இல் அவர் இறப்பதற்குள் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அவருடைய இரண்டு கட்டுப்பாடுகள். ஜெபித்தார், பணம் வந்தது என்ற பாதிக் கதையைத் தமிழ்ப் பிரசங்கங்களில் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. அதிகம் சொல்லப்படாத மறுபாதி ஒன்று இருக்கிறது. வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும், அது சில காசுகளே ஆனாலும், எண்ணிட்ட ரசீது போனது. ஆண்டறிக்கையில் கொடுத்தவர் பெயர் வராது. ரசீது எண் வரும், தொகை வரும். தையல்காரியோ பிரபுவோ, தன் எண்ணைத் தேடிப் பார்த்து, தன் பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். கொடுத்தவருக்குப் புகழும் இல்லை, சந்தேகமும் இல்லை. இந்த அறிக்கைகளே மறைமுக விண்ணப்பம்தானே என்று கேட்டவர்களும் உண்டு. இருக்கட்டுமே. கணக்கைக் காட்டி நன்கொடை சேர்ந்தால் அதில் என்ன பிழை?

முல்லரின் வழியைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். நாங்குநேரிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய இல்லமும் பணத்துக்காக எவர் கதவையும் தட்டுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடுதான் வளர்ந்தது. 1951இல் அங்கேயே இறந்தார்.

கேட்டு வாங்குவதற்கும் இந்த மண்ணில் நல்ல மரபு இருக்கிறது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா முதலானவர்கள் வைத்த கொள்கை ஒரே மூச்சில் சொல்லக்கூடியது: ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். பவுனும் ஷில்லிங்கும் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். பனையேறியும் சிறு விவசாயியும் வாத்தியாரும் கொடுத்த அணாக்கள்தான் மூலதனம். மிசோரமில் பிரெஸ்பிடேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நடக்கிறது. தமிழ்நாட்டுச் சபைகளிலும் கைப்பிடி அரிசி தெரிந்த பெயர்தான். அரிசிப் பானையில் கை விடும் ஒவ்வொரு முறையும் நினைவு வரும்படி அமைந்த ஏற்பாடு அது.

2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டுப் பணம் எல்லாம் டெல்லியிலுள்ள ஒரே ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் வந்தபோது, பல கிறிஸ்தவ அமைப்புகள் திணறின. உள்ளூர்க் காணிக்கையில் நிற்கப் பழகியவர்களுக்கு அந்தத் திணறல் இல்லை. அசரியா காலத்துக் கொள்கை 117 வருஷம் கழித்துக் கை கொடுத்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பணம் என்றதும் முதலில் வருவது தசமபாகம். சம்பளத்தில் பத்தில் ஒன்று. பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா என்று ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர்கள் உண்மையாகவே மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். மல்கியாவின் புத்தகத்தைக் காட்டி, பத்தில் ஒன்று கொடுக்காதவன் தேவனுக்குத் திருடன் என்று மிரட்டும் ஊழியர்கள் உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறப்பது குறைவு. அங்கே தசமபாகத்தைக் கொடுப்பவனும் அவன் குடும்பமும் கடவுள் முன்னிலையில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் அனாதைக்கும் விதவைக்கும். அதாவது அந்தப் பத்தில் ஒரு பங்கு விருந்தாகவும் ஏழைக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. தென்மாவட்டச் சபைகளில் இன்றும் நடக்கும் அசனப் பந்தியில் அதன் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும். டிவியில் விதைப்புக் காணிக்கை கேட்டு, விதைத்தால் நூறு மடங்கு அறுப்பாய் என்று வாக்குக் கொடுப்பவரிடம் அந்த வாசனை இல்லை. அது காணிக்கை என்பதைவிடச் சீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கு நெருக்கமானது.

கட்டட நிதிக்குப் பொருத்தனை வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஐம்பதாயிரம் கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று அழைப்பு வரும். மூன்று பேர் நிற்பார்கள். இருபத்தையாயிரம். ஏழெட்டுப் பேர். ஐயாயிரத்துக்கு வரும்போது உட்கார்ந்திருப்பதே வெட்கமாகிவிடும். எழுந்து நிற்கும் பெண் மறுநாள் காலையில் நகைக் கடன் கவுன்டரில் நிற்பாள். அவள் கழுத்தில் இருந்தது எத்தனை பவுன், வீட்டில் ஏற்கெனவே எத்தனை தவணை ஓடுகிறது என்று சபையில் யாரும் விசாரிப்பதில்லை. பவுல் எழுதியது மனதில் தீர்மானித்தபடி, கட்டாயம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று. மைக்கில் பெயர் வாசிப்பது கட்டாயத்தில் சேராதா?

பணத்தைப் பற்றி நறுக்கென்று பேசியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர்ந்த சபைகளில் மெதடிஸ்ட் மரபும் உண்டு என்பதால் அவர் இங்கே தூரத்து உறவினர் அல்ல. 1760இல் அச்சான ஒரு பிரசங்கத்தில் முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்று மூன்று படிகள் வைத்தார். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் வருஷத்துக்கு 30 பவுன் வருமானம் வந்தபோது 28இல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த வருஷம் வருமானம் 60 ஆனது. வாழ்ந்தது அதே 28இல், கொடுத்தது 32. வருமானம் 120 ஆனபோது கொடுத்தது 92. சதவீதக் கணக்கு அவரிடம் செல்லாது. அவர் நிறுத்தி வைத்தது செலவை. சம்பளம் ஏறினால் கார் மாற வேண்டும், பிள்ளையின் பள்ளி மாற வேண்டும் என்று ஓடும் இன்றைய மாத பட்ஜெட்டுக்கு வெஸ்லியின் 28 பவுன் கொஞ்சம் எரிச்சலான விஷயம்தான்.

கடன் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை தமிழ்நாட்டை நேரடியாகத் தொட்ட கதை ஒன்று உண்டு. சபைகளில்கூட அதிகம் பேருக்குத் தெரியாது. 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் ஜெர்மனியின் வையர்புஷ் என்ற ஊரின் மேயராக இருந்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ராபைசன். பக்தியுள்ள புராட்டஸ்டன்ட். ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கிடைக்கச் சங்கம் அமைத்தவர், விவசாயிகள் வட்டிக்காரர்களிடம் மாடும் நிலமும் இழப்பதைப் பார்த்து 1864இல் ஹெடஸ்டார்ஃபில் கடன் சங்கம் தொடங்கினார். சங்கத்தின் எல்லை ஒரு பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சுற்றியுள்ள ஊர் அளவுதான். எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. நிர்வாகிகள் யாருக்கும் சம்பளம் கிடையாது, கணக்கெழுதுபவருக்கு மட்டும் உண்டு. அந்த வேலையைத் தியாகத்துக்கு விடக் கூடாது என்று ராபைசனுக்குத் தெரிந்திருந்தது.

சென்னை மாகாண அரசு, கிராமக் கடனுக்கு வழி தேட பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1895இல் அவர் கொடுத்த பெரிய அறிக்கையின் சாரம், நமக்கு ஒரு ராபைசன் வேண்டும் என்பதே. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் சொசைட்டியின் கொடிவழியில் ஒரு ஜெர்மன் பக்தரின் பெயரும் இருக்கிறது.

கடனில் சிக்கியவருக்குத் துணை நிற்கும் அந்த மரபைச் சபைகள் கைவிட்டது பெரிய இழப்பு. நெகேமியாவின் புத்தகம் 5ஆம் அதிகாரத்தில் வயலை அடமானம் வைத்து, பிள்ளைகளையும் அடிமையாக விற்ற ஜனங்கள் முறையிடுகிறார்கள். நெகேமியா கடன் கொடுத்த பிரபுக்களைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, நிலத்தையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003லிருந்தே இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. ஊருக்கு இரண்டு மூன்று சபைகள் உள்ள மாவட்டம் அது. வட்டிக்கு விடுபவரும் வட்டி கட்டுபவரும் ஒரே கோயிலில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் ஊர்களில், நெகேமியா 5 எத்தனை ஞாயிறு பிரசங்கமாகிறது?

கணக்குக் கேட்பதை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையைவிடத் தெளிவான பாடம் இல்லை. பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட சபை. போதகர் கொங் ஹீயின் மனைவியைப் பாப் பாடகியாக்கி, அதன் வழியாகச் சுவிசேஷம் சொல்வது திட்டம். சபைப் பணம் அதற்குப் போகிறதா என்று உறுப்பினர் ஒருவர் 2003லேயே கேட்டார். கடைசியில் மன்னிப்புக் கேட்டது அவர்தான். விசாரணை 2010இல் வந்தது. கட்டட நிதியிலிருந்து 2.4 கோடி சிங்கப்பூர் டாலர் போலிக் கடன் பத்திரங்களுக்குப் போயிருந்தது. அதை மறைக்க இன்னும் 2.6 கோடி சுற்றி விடப்பட்டிருந்தது. போதகர் உட்பட ஆறு பேர் 2015இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. போதகருக்கு விதித்த எட்டு வருஷச் சிறை, 2017 மேல்முறையீட்டில் மூன்றரை வருஷமாகக் குறைந்தது.

இதில் உறுத்துவது ஒன்று. அவர்கள் சொந்தப் பையை நிரப்பிக்கொண்டதாக ஆதாரம் இல்லை என்று நீதிமன்றமே சொன்னது. நல்ல நோக்கம், தேவ ராஜ்யம், ஆத்தும ஆதாயம் எல்லாம் இருந்தது. கேள்வி கேட்ட ஒருவருக்கு மட்டும் இடம் இல்லாமல் போனது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் சுவிசேஷகர் பில்லி கிரகாம். 1950இல் அட்லாண்டாவில் நடந்த கூட்டங்களின் முடிவில், காணிக்கை மூட்டைகளோடு ஆட்கள் சிரிக்கும் படத்தையும் கையசைத்து விடைபெறும் கிரகாமின் படத்தையும் ஒரு பத்திரிகை அடுத்தடுத்துப் போட்டது. அவர் கூசிப்போனார். பத்திரிகைக்காரனைத் திட்டவில்லை. அதன்பின் காணிக்கையைக் கையால் தொடாமல், ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் குழு தீர்மானிக்கும் சம்பளத்துக்கு மாறிக்கொண்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் மேடையில் நின்ற மனிதர் மீது பணப் புகார் ஒட்டாமல் போனதற்கு அந்தப் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு மாதிரிச் சிக்கல். தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் 1947இல் பதிவான ஓர் அறக்கட்டளைக் கம்பெனியின் பெயரில் உள்ளன. அந்தத் திருச்சபையின் நிர்வாகத் தகராறுகள் நீதிமன்றம் ஏறி, ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக அமர்த்தும் அளவுக்கு வந்தன. இந்துக் கோயில்களுக்கும் வக்ஃபு சொத்துகளுக்கும் சட்டப்படி கண்காணிப்பு இருக்க, திருச்சபைச் சொத்துகளுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியை 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் எழுப்பியது. கேரளத்தில் இதே பேச்சு முன்னதாகவே வந்துவிட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2009இல் சபைச் சொத்துகளுக்கு ஒரு வரைவு மசோதாவே தயாரித்தது. ஆயர்கள் கொதித்தார்கள், அது சட்டமாகவில்லை.

கத்தோலிக்கச் சபையில் விதி ஏற்கெனவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. மேய்ப்புப்பணிக் குழுவைக்கூட ஆயரின் விருப்பத்துக்கு விட்டவர்கள், நிதிக்குழுவை அப்படி விடவில்லை. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் அதில் உண்டு. அந்த விதி பங்குத்தந்தையின் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

அரசுக்கும் சபைக்கும் நடந்த இன்னொரு வழக்கு சுவாரசியமானது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் அருட்சகோதரிகளும் குருக்களும், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் என்பதால் தங்கள் சம்பளம் தங்களுடையதல்ல, சபைக்கே போகிறது, ஆகவே வருமான வரி பிடிக்கக் கூடாது என்று வாதாடினார்கள். துறவறம் ஏற்ற நாளில் அவர்கள் சட்டத்தின் கண்ணில் இறந்தவர்கள் என்பதுவரை வாதம் போனது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற 90க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சம்பளம் அவர் பெயரில் வருகிறது, பிறகு யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் விருப்பம், வரி வரிதான் என்பது தீர்ப்பின் சாரம். இராயனுடையதை இராயனுக்குக் கொடுக்கச் சொன்னவரின் சீஷர்கள் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கத் தேவையில்லை.

சபைச் சொத்துகளைக் கண்காணிக்க அரசு வாரியம் என்றதும் சிறுபான்மையினருக்கு வரும் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. கண்காணிப்பு என்று வருவது கட்டுப்பாடாக மாறும், யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது கழுத்தைப் பிடிக்கும் என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தையே திரையாகக் கட்டிக்கொண்டு உள்ளே குத்தகைப் பத்திரங்கள் கைமாறுவதையும் அதே சிறுபான்மையினர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் வரக் கூடாது என்றால் உள்ளே விளக்கைப் போட வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. காணிக்கையை எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் உட்காரட்டும். வரவு செலவு மாதம் ஒரு முறை அறிவிப்புகளோடு வாசிக்கப்படட்டும். நிலம், கடை, கட்டடம் எதுவானாலும் யாருக்கு, என்ன வாடகைக்கு, எதுவரைக்கும் என்ற மூன்று விவரங்களோடு ஒரு தாள் வருஷத்துக்கு ஒரு முறை சபைக்கு வரட்டும். தணிக்கையாளர் பொருளாளரின் மைத்துனராக இல்லாமல் இருக்கட்டும்.

அறுப்பின் பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு, ஏலப் பாக்கிப் பட்டியல் கோயில் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். சேவல் எடுத்தவர் பாக்கி எழுநூறு. வாழைத்தார் எடுத்தவர் பாக்கி ஆயிரத்து இருநூறு. தேங்காய் எடுத்த கல்லூரிப் பையன் பெயருக்கு நேரே நூற்றைம்பது. அவன் அம்மா ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே மணிபர்ஸைத் திறந்து உபதேசியாரிடம் கொடுக்கிறார். உபதேசியார் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடிக்கிறார். ரசீது இருக்கா ஐயா என்று அந்த அம்மா கேட்கிறார்.